பண அளிப்புக் கட்டுப்பாடும் நிலையான வளர்ச்சியும்: பணவியல் கோட்பாடும் இந்தியப் பட்டறிவும்

முன்னுரை

ஒரு நாட்டில் புழங்கும் பணத்தின் அளவை ஆண்டுதோறும் சீரான வீதத்தில் வளரச் செய்தால் விலைவாசி நிலைபெறும்; விலைவாசி நிலைபெற்றால் பொருளாதாரம் தடுமாற்றமின்றி வளரும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலக நாடுகள் பலவற்றின் நிதிக் கொள்கையை ஆட்டிப்படைத்த பணவியல் கோட்பாட்டின் சாரத்தை இவ்வாறு சுருங்கக் கூறலாம். சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இக்கருத்தைச் செயற்படுத்த முனைந்த நாடுகள் யாவும் ஏதோ ஒரு கட்டத்தில் இடறின. ஆயினும் அக்கோட்பாடு முற்றாக மறைந்துவிடவில்லை. அது விட்டுச்சென்ற தடம் இன்றைய மைய வங்கிகளின் சட்டங்களிலும் நடைமுறைகளிலும் ஆழப் பதிந்துள்ளது.

இக்கோட்பாடு பற்றிய நூல்கள் பெரும்பாலும் அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் மையமாகக் கொண்டவை. இந்தியாவும் 1980களின் நடுப்பகுதி தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் பண அளவை இலக்காகக் கொண்டு கொள்கை வகுத்தது என்பது தமிழில் அதிகம் பேசப்படாத செய்தி. ஆகவே, இக்கட்டுரையில் முதற்கண் கோட்பாட்டின் அடிப்படைகளை விளக்கி, பின்னர் மேலைநாடுகளில் அது பெற்ற சோதனையைச் சுருக்கமாகக் கண்டு, இந்தியப் பட்டறிவைச் சற்று விரிவாக ஆராய்வோம். பணத்தின் அளவு குறித்த விதி ஒன்றின் பயன், அவ்விதியில் எழுதப்படும் எண்ணைக் காட்டிலும், பணத்தைப் படைக்கும் அதிகாரம் யார் கையில் உள்ளது என்பதையே சார்ந்துள்ளது என்பதே இந்தியப் பட்டறிவு நமக்கு உணர்த்தும் பாடம் எனக் கருதுகிறோம்.

கலைச்சொற்கள் பற்றிய தெளிவு

தமிழில் இத்துறை பற்றிப் படிப்போர் முதலில் எதிர்கொள்வது சொற்களின் வேறுபாடு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘பண அளிப்பு’ என்று குறிப்பதை இலங்கைப் பாடநூல்கள் ‘பண நிரம்பல்’ என்று குறிக்கின்றன. இரண்டும் ஒரே பொருளன. பணவியல் கோட்பாட்டை ஒரு கொள்கைச் சார்பாகக் காண்போர் அதனைப் ‘பணவியல்வாதம்’ என்றும் வழங்குவர். இக்கட்டுரையில் பண அளிப்பு, பணவியல் கோட்பாடு என்னும் சொற்களையே கையாளுகிறோம்.

பண அளிப்பு என்பது அச்சடித்த தாள்களையும் நாணயங்களையும் மட்டும் குறிப்பதன்று. மக்களின் கையிலுள்ள ரொக்கத்தோடு, அவர்கள் விரும்பும்போது எடுக்கக்கூடிய வங்கி வைப்புகளையும் சேர்த்தால் கிடைப்பது குறுகிய பணம். இந்திய ரிசர்வ் வங்கி இதனை எம்1 எனக் குறிக்கிறது. அதனுடன் வங்கிகளின் தவணை வைப்புகளையும் கூட்டினால் விரிந்த பணம், அதாவது எம்3, கிடைக்கும். இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது மைய வங்கியே நேரடியாக உண்டாக்கும் அடிப்படைப் பணம். புழக்கத்திலுள்ள ரொக்கமும், வணிக வங்கிகள் மைய வங்கியில் வைத்துள்ள இருப்புகளும் அதன் முதன்மைக் கூறுகள். அடிப்படைப் பணத்தை முதலாகக் கொண்டு வணிக வங்கிகள் கடன் வழங்கக் கடன் வழங்க, வைப்புகள் பெருகி எம்3 உருவாகிறது.

இவ்வேறுபாட்டை உணர்த்த 2016ஆம் ஆண்டின் நிகழ்வு ஒன்று நல்ல எடுத்துக்காட்டாகும். அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என இந்திய அரசு அறிவித்தது. புழக்கத்திலிருந்த ரொக்கத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு ஒரே இரவில் பயனற்றுப் போயிற்று. ஆயினும் எம்3 அந்த அளவிற்குச் சுருங்கவில்லை. செல்லாத தாள்கள் வங்கிகளுக்குள் வைப்புகளாக நுழைந்தமையே காரணம். பணம் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டது. மொத்த அளவு பெரிதும் மாறவில்லை. எனினும் கையில் ரொக்கமின்றிச் சிறு வணிகர்களும் நாட்கூலிகளும் பட்ட துன்பம் மெய்யானது. பணத்தின் அளவு மட்டுமன்றி அதன் வடிவமும் வாழ்க்கையைப் பாதிக்கும் என்பதை இந்நிகழ்வு காட்டிற்று.

கோட்பாட்டின் கூறுகள்

பணத்தின் அளவு பெருகினால் விலைகள் ஏறும் என்னும் கருத்து பழமையானது. பிரெஞ்சு அறிஞர் ழான் போடன் 1568இலும், ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1752இலும் இதனை விளக்கியுள்ளனர். அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் 1911இல் வெளியிட்ட நூலில் இதற்குத் திட்டவட்டமான சமன்பாட்டு வடிவம் அளித்தார். இன்று பெரிதும் வழங்கும் முறையில் அதனைத் தமிழ் எழுத்துகளால் இவ்வாறு குறிக்கலாம்:

ப × சு = வி × உ

இதில் ‘ப’ என்பது பணத்தின் அளவு. ‘சு’ என்பது பணத்தின் சுழற்சி வேகம், அதாவது ஓர் ஆண்டில் ஒரு ரூபாய் சராசரியாக எத்தனை முறை கைமாறி வருமானமாகிறது என்பது. ‘வி’ என்பது விலைகளின் பொதுமட்டம். ‘உ’ என்பது நாட்டின் மெய்யான உற்பத்தி. இச்சமன்பாடு வரையறையின் அடிப்படையில் எப்போதும் உண்மையாகும். ஆகையால் அதுவே ஒரு கோட்பாடு ஆகாது. சுழற்சி வேகம் நிலையானது, அல்லது முன்கூட்டியே கணிக்கத்தக்கது என்னும் கூற்றைச் சேர்க்கும்போதுதான் அது கோட்பாடாகிறது. வேகம் நிலையாக இருந்து, உற்பத்தி தொழில்நுட்பத்தாலும் உழைப்பாலும் நிர்ணயமாகுமாயின், பணம் உற்பத்தியை மிஞ்சி வளரும் அளவிற்கு விலைகள் ஏறியே தீரும்.

1930களின் பெருமந்தத்திற்குப் பின் இக்கருத்து பின்தள்ளப்பட்டது. அரசின் செலவே பொருளாதாரத்தை நிமிர்த்தும் கருவி என்று கீன்ஸின் வழிவந்தோர் கூறினர். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மில்டன் ஃபிரீட்மேன் இக்கருத்தை மறுக்க முற்பட்டார். அவரும் அன்னா சுவார்ட்ஸும் இணைந்து 1963இல் வெளியிட்ட அமெரிக்கப் பண வரலாறு, 1929 முதல் 1933 வரையிலான காலத்தில் அந்நாட்டின் பண அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கியதைச் சான்றுகளுடன் நிறுவியது. வங்கிகள் அடுத்தடுத்து நொடித்தபோது மைய வங்கி கைகட்டி நின்றதே மந்தம் பெருமந்தமாக மாறக் காரணம் என்பது அவர்கள் முடிவு. பணம் முக்கியமற்றது என்போருக்கு இது வலுவான மறுமொழியாக அமைந்தது.

ஃபிரீட்மேனின் இரண்டாவது வாதம் வேலையின்மை பற்றியது. சற்று விலையேற்றத்தைப் பொறுத்துக்கொண்டால் வேலையின்மையைக் குறைக்கலாம் என்று 1960களில் பலர் நம்பினர். மக்கள் விலையேற்றத்தை எதிர்பார்க்கக் கற்றுக்கொண்டதும் இப்பயன் மறைந்துவிடும் என்றும், எஞ்சுவது விலையேற்றம் மட்டுமே என்றும் 1967 டிசம்பரில் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில் அவர் எடுத்துரைத்தார். விலையேற்றமும் வேலையின்மையும் ஒருங்கே பெருகிய 1970களின் தேக்கவீக்கம் அவர் கூற்றுக்குப் பெரும் செல்வாக்கைத் தேடித் தந்தது. 1976இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவற்றிலிருந்து அவர் வகுத்த பரிந்துரைதான் சீர்வளர்ச்சி விதி. மைய வங்கி எடுக்கும் நடவடிக்கையின் விளைவு நெடுங்காலத் தாழ்வுக்குப் பின்னரே வெளிப்படுகிறது. அத்தாழ்வின் நீளமும் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. மந்தத்தைக் கண்டு அளிக்கும் மருந்து, மந்தம் தீர்ந்த பின் வேலை செய்து விலையேற்றத்தை உண்டாக்கலாம். ஆகவே, அதிகாரிகளின் விருப்புரிமையை நீக்கி, ஆண்டுக்கு 3 முதல் 5 விழுக்காடு என்பது போன்ற மாறா வீதத்தில் பணத்தை வளரவிட வேண்டும் என்றார். நிலையான வளர்ச்சிக்கு அரசு செய்யத்தக்க பேருதவி, தானே தடுமாற்றத்தின் காரணமாகாமல் இருப்பதே என்பது இவ்விதியின் உட்கருத்து.

மேலைநாடுகளில் நிகழ்ந்த சோதனை

மேற்கு ஜெர்மனியின் மைய வங்கி 1974 டிசம்பரில், அடுத்த ஆண்டுக்கான பண வளர்ச்சி இலக்கைப் பொதுவில் அறிவித்தது. அமெரிக்க மைய வங்கியின் தலைவர் பால் வோல்க்கர் 1979 அக்டோபர் 6ஆம் நாள், இனி வட்டி வீதத்தைக் காட்டிலும் வங்கி இருப்புகளின் அளவையே கட்டுப்படுத்தப்போவதாக அறிவித்தார். இங்கிலாந்தில் தாட்சர் அரசு 1980 மார்ச்சில் நடுத்தர கால நிதித் திட்டம் ஒன்றை வெளியிட்டு, விரிந்த பணத்தின் வளர்ச்சி 7 முதல் 11 விழுக்காட்டுக்குள் அடங்கும் என்று உறுதியளித்தது.

விலையேற்றம் தணிந்தது உண்மை. அமெரிக்காவில் 1980 மார்ச்சில் 14.8 விழுக்காடாக இருந்த நுகர்வோர் விலையேற்றம் 1983இல் சராசரியாக 3 விழுக்காட்டளவிற்கு இறங்கிற்று. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. அமெரிக்க வேலையின்மை 1982இன் இறுதியில் 10.8 விழுக்காட்டைத் தொட்டது. இங்கிலாந்தில் வேலையற்றோர் தொகை 1982 தொடக்கத்தில் 30 இலட்சத்தைத் தாண்டியது. வியப்புக்குரியது என்னவெனில், விலையேற்றம் தணிந்த அதே காலத்தில் பண இலக்குகள் எட்டப்படவில்லை. இங்கிலாந்தின் விரிந்த பணம் முதலாண்டிலேயே அறிவித்த உச்சவரம்பைவிட மிக விரைவாக வளர்ந்தது. அமெரிக்காவில் வட்டி ஈட்டும் காசோலைக் கணக்குகள் அனுமதிக்கப்பட்டதும் மக்கள் தம் சேமிப்பை அவற்றுக்கு மாற்றினர். குறுகிய பணம் பெருகியபோதும் அதன் சுழற்சி வேகம் சரிந்தது. 1982இன் பிற்பகுதியில் வோல்க்கர் அம்முறையைக் கைவிட்டார்.

இத்தோல்வியின் காரணத்தை இங்கிலாந்து வங்கியின் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975லேயே முன்னுணர்ந்திருந்தார். புள்ளிவிவரத்தில் நெடுங்காலம் நிலையாகத் தோன்றும் தொடர்பு, கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தப்பட்டதும் குலைந்துவிடும் என்பது அவர் கூற்று. ஒருவகை வைப்பைக் கட்டுப்படுத்தினால் வங்கிகள் பெயர் மாற்றிய வேறொரு வைப்பை உருவாக்கும். அளவுகோலையே இலக்காக்கினால் அது அளவுகோலாக நில்லாது. தேர்வு மதிப்பெண்ணையே கற்றலின் இலக்காக்கும்போது மதிப்பெண் உயர்ந்தும் கற்றல் உயராமற்போவதை ஆசிரியர்கள் நன்கறிவர், இதுவும் அத்தகையதே. மைய வங்கிகள் உண்மையில் சீர்வளர்ச்சி விதியைப் பின்பற்றவேயில்லை, பண வளர்ச்சி ஏறியிறங்கிக்கொண்டே இருந்தது என்று பணவியல் கோட்பாட்டினர் வாதிட்டதையும் இங்குக் குறிப்பிடுதல் முறையாகும். எனினும் பண அளவை இலக்காகக் கொண்டது வெற்றி தரவில்லை என்று ஃபிரீட்மேனே 2003இல் ஒரு செய்தித்தாள் நேர்காணலில் ஒப்புக்கொண்டார்.

இந்தியா: 1955இன் ஏற்பாடு

ஃபிரீட்மேன் 1955இல் இந்தியாவுக்கு வந்து, நிதியமைச்சகத்திற்கு ஒரு குறிப்பாவணம் அளித்தார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. அரசின் முதலீட்டால் தொழில்வளம் பெருக்குவதே அன்றைய நோக்கமாக இருந்ததால் அவர் கருத்துகள் எடுபடவில்லை. அதே ஆண்டில் அரசுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் இடையே ஏற்பட்ட நிருவாக ஏற்பாடு ஒன்று, பின்னர் இந்தியாவின் பண வரலாற்றையே நிர்ணயித்தது.

ரிசர்வ் வங்கியிலுள்ள நடுவண் அரசின் கணக்கில் வெள்ளிக்கிழமைதோறும் குறைந்தது 50 கோடி ரூபாய் இருக்க வேண்டும். குறைந்தால், அக்குறையை நிரப்பும் அளவிற்கு அரசின் பெயரில் ‘தற்காலிகக் கருவூல உண்டியல்கள்’ தாமாகவே உருவாகி ரிசர்வ் வங்கியின் ஏட்டில் ஏறும். அரசின் கணக்கில் அதற்கீடான பணம் வரவு வைக்கப்படும். மாத நடுவில் ஏற்படும் கைமுடையைச் சமாளிக்கவே இவ்வேற்பாடு தோன்றியது. காலப்போக்கில் அதுவே வரவு செலவுத் திட்டப் பற்றாக்குறையின் நிலையான ஊற்றாயிற்று. உண்டியல் முதிர்ந்தால் புதிய உண்டியல் எழுதப்படும். தொகை பெருத்தபோது முதிர்வுக் காலமே இல்லாத சிறப்புப் பத்திரங்களாக அது மாற்றப்படும். 1974 முதல் இவ்வுண்டியல்களின் வட்டி வீதம் 4.6 விழுக்காடு என்னும் அளவிலேயே நின்றது. விலைவாசி அதனைவிட விரைவாக ஏறிய ஆண்டுகளில், அரசு தான் பெற்ற கடனின் மெய்மதிப்பைக் குறைத்தே திருப்பித் தந்ததாகப் பொருள்.

இவ்வாறு உருவான ஒவ்வொரு ரூபாயும் அடிப்படைப் பணம். அதன்மேல் வணிக வங்கிகளின் கடன்கள் பன்மடங்கு எழும். ஆகவே, இந்தியாவின் பண அளிப்பை நிர்ணயித்தது மும்பையிலிருந்த ரிசர்வ் வங்கி அன்று. புதுதில்லியின் செலவுத் தேவையே என்று கூறுவது மிகையாகாது.

சக்ரவர்த்தி குழுவின் பரிந்துரை

1982 டிசம்பரில், மன்மோகன் சிங் ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்தபோது, பேராசிரியர் சுகமய் சக்ரவர்த்தி தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1985 ஏப்ரலில் அக்குழு தன் அறிக்கையை அளித்தது. விலை நிலைத்தன்மையே பணக் கொள்கையின் தலையாய நோக்கமாதல் வேண்டும். ஆண்டுக்கு 4 விழுக்காட்டு விலையேற்றம் ஏற்கத்தக்கது. எம்3இன் வளர்ச்சிக்கு ஓர் இலக்கெல்லையை அறிவித்து, உற்பத்தியின் போக்குக்கேற்ப இடையிடையே அதனைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பன அதன் முதன்மைப் பரிந்துரைகள். ஃபிரீட்மேனின் மாறா விதியை அக்குழு அப்படியே ஏற்கவில்லை. பருவமழை பொய்த்தால் விளைச்சல் குன்றி விலை ஏறும் நாட்டில், கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரே வீதத்தைப் பின்பற்றுதல் இயலாது என்பதை அது உணர்ந்திருந்தது.

இலக்கை வகுக்கும் முறையை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். உற்பத்தி 5 விழுக்காடு வளர்கிறது எனக் கொள்வோம். இந்தியா போன்ற நாட்டில் மக்கள் கையிருப்பாக நாடும் பணம் வருமானத்தைவிட விரைவாக வளரும். 1969இல் 14 வங்கிகளும் 1980இல் 6 வங்கிகளும் நாட்டுடைமையாக்கப்பட்ட பின் கிளைகள் சிற்றூர்களை எட்டின. களத்துமேட்டில் நெல்லாகப் பெற்ற கூலி ரொக்கமாக மாறியது; வீட்டுப் பெட்டியிலிருந்த சேமிப்பு வங்கி வைப்பாயிற்று. வருமானம் 1 விழுக்காடு உயர, பணத்திற்கான நாட்டம் 2 விழுக்காடு உயருமாயின், 5 விழுக்காட்டு வளர்ச்சிக்கு 10 விழுக்காட்டுப் பணம் தேவை. ஏற்கத்தக்க 4 விழுக்காட்டு விலையேற்றத்தையும் சேர்த்தால் எம்3 ஏறத்தாழ 14 விழுக்காடு வளரலாம்.

நடந்தது வேறு. 1980களில் எம்3 ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 17 விழுக்காடு வளர்ந்தது. மொத்தவிலைக் குறியீடு சராசரியாக ஏறத்தாழ 8 விழுக்காடு உயர்ந்தது. அரசுக்குத் தானாகச் செல்லும் கடனை நிறுத்த வழியின்றி, ரிசர்வ் வங்கி வணிக வங்கிகளின் கைகளைக் கட்டியது. வைப்புகளில் ஒரு பகுதியைத் தன்னிடம் இருப்பாக வைக்குமாறு விதிக்கும் ரொக்க இருப்பு வீதத்தை 1989இல் 15 விழுக்காடாக உயர்த்தியது. அரசுப் பத்திரங்களிலும் பிற நீர்ம இருப்புகளிலும் கட்டாயமாக முதலிட வேண்டிய பங்கு 1990இல் 38.5 விழுக்காடாயிற்று. இவ்விரண்டையும் கூட்டினால், வங்கிக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபாய் வைப்பிலும் 53 ரூபாய்க்கு மேல் முடங்கியது. எஞ்சியதற்கே உழவரும் சிறுதொழில் முனைவோரும் வணிகரும் போட்டியிட்டனர். ஒரு குழாயைத் திறந்துவிட்டு, மற்றெல்லாக் குழாய்களையும் அடைப்பதுபோன்ற கட்டுப்பாடு இது.

இதன் சுமை யார்மேல் விழுந்தது என்பதை மறத்தலாகாது. அரசு ஊழியருக்கு விலையேற்றத்தை ஈடுசெய்ய அகவிலைப்படி உண்டு. நிலமும் பொன்னும் வைத்திருப்போரின் சொத்து விலையோடு சேர்ந்து உயரும். வேளாண் கூலிக்கும், முறைசாராத் தொழிலாளிக்கும், சிறுசேமிப்பை நம்பிய முதியோருக்கும் இவ்வித அரண் ஏதுமில்லை. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இன்றியே விதிக்கப்பட்டு, ஏழையிடம் மிகுதியாகத் தண்டப்பட்ட வரியாகவே பண வெளியீடு அமைந்தது.

1994 முதல் 1997 வரை: குழாயை மூடுதல்

1991இன் அந்நியச் செலாவணி நெருக்கடி இந்நிலையை மாற்றும் வாய்ப்பைத் தந்தது. 1992 டிசம்பரில் ரிசர்வ் வங்கியின் ஆளுநராகப் பொறுப்பேற்ற சி. ரங்கராஜன் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். 1982 முதலே துணை ஆளுநராக இருந்து இச்சிக்கலை அருகிருந்து கண்டவர். 1994 செப்டம்பரில் அரசும் ரிசர்வ் வங்கியும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டன. அப்போதைய நிதியமைச்சர், 1982இல் சக்ரவர்த்தி குழுவை நியமித்த அதே மன்மோகன் சிங் என்பது குறிப்பிடத்தக்கது. 1994-95ஆம் நிதியாண்டின் முடிவில் புதிய தற்காலிக உண்டியல்களின் நிகரத் தொகை 6,000 கோடி ரூபாயைத் தாண்டலாகாது. ஆண்டின் இடையில் 9,000 கோடி ரூபாய் வரம்பைத் தொடர்ந்து பத்து வேலை நாள்களுக்கு மேல் மீறினால் ரிசர்வ் வங்கி அரசின் உண்டியல்களைச் சந்தையில் விற்றுவிடும் என உடன்பாடு கூறிற்று. மூன்றாண்டுகளில் இம்முறையை அறவே ஒழிப்பது நோக்கம். 1997 ஏப்ரல் முதல் தற்காலிக உண்டியல்கள் மறைந்தன. அவற்றுக்கு மாற்றாக, வரம்புக்கும் காலக்கெடுவுக்கும் உட்பட்ட குறுகியகால முன்பணம் மட்டுமே அரசுக்கு வழங்கப்பட்டது.

2003இல் இயற்றப்பட்ட நிதிப்பொறுப்புச் சட்டம் இதனை மேலும் வலுப்படுத்தியது. 2006 ஏப்ரல் முதல், விதிவிலக்கான சூழல்கள் தவிர, அரசு புதிதாக வெளியிடும் பத்திரங்களை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்குதல் தடைசெய்யப்பட்டது. ஏற்கெனவே சந்தையில் உள்ள பத்திரங்களை வாங்கத் தடையில்லை. ஆயினும் அம்முடிவு இப்போது ரிசர்வ் வங்கியினுடையது.

இலக்கின் முடிவு

அரசின் கை விலகிய அதே காலத்தில் வேறொரு கதவு திறந்தது. 1993 முதல் அந்நிய முதலீடு பெருமளவில் இந்தியாவுக்குள் வந்தது. ரூபாயின் மதிப்பு ஏறி ஏற்றுமதி பாதிக்கப்படாதிருக்க ரிசர்வ் வங்கி டாலர்களை வாங்கிற்று. 1993 மார்ச் முதல் 1995 ஆகஸ்டு வரை ஒரு டாலர் 31.37 ரூபாய் என்னும் அளவிலேயே நின்றது. வாங்கிய ஒவ்வொரு டாலருக்கும் ஈடாகப் புதிய ரூபாய் புழக்கத்திற்கு வந்ததால், 1994-95இல் எம்3 22 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. நாணய மாற்று வீதத்தையும் பண அளவையும் ஒருங்கே பிடித்து நிறுத்துதல் இயலாது என்னும் பாடத்தை இந்தியா இவ்வாறு கற்றது. வட்டி வீதக் கட்டுப்பாடுகள் தளர்ந்து புதிய சேமிப்பு வடிவங்கள் பெருகியதால், பணத்திற்கான நாட்டத்தைக் கணிப்பதும் கடினமாயிற்று. 1998 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி எம்3ஐத் தனி இலக்காகக் கொள்வதை விடுத்து, வட்டி, கடன், நாணய மாற்று வீதம், உற்பத்தி முதலிய பல குறியீடுகளையும் சேர்த்துக் காணும் முறைக்கு மாறியது.

2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, நுகர்வோர் விலையேற்றமே நேரடி இலக்காயிற்று. 4 விழுக்காடு இலக்கு. மேலும் கீழும் 2 விழுக்காடு வரை விலகலாம். சக்ரவர்த்தி குழு 1985இல் ஏற்கத்தக்கதெனக் குறித்த அதே எண் முப்பதாண்டுக்குப் பின் சட்டத்தின் வழியே திரும்பி வந்தது. அடுத்தடுத்த மூன்று காலாண்டுகளில் இலக்கெல்லை மீறப்பட்டால் காரணத்தை விளக்கி அரசுக்கு எழுத வேண்டும் என்பதும் சட்டம். 2022 ஜனவரி முதல் செப்டம்பர் வரை விலையேற்றம் 6 விழுக்காட்டைத் தாண்டியதால் அவ்வாறே எழுத நேர்ந்தது. அம்மடல் அப்போது பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படவில்லை. பொறுப்புக்கூறல் அரசுக்கு மட்டுமா, மக்களுக்குமா என்னும் வினாவை இது எழுப்புகிறது. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு 45.86 விழுக்காடாக இருந்ததால், தக்காளியும் வெங்காயமும் விலையேறும்போது வட்டி வீதத்தால் என்ன செய்ய இயலும் என்னும் வினாவும் தொடர்ந்து எழுப்பப்பட்டது.

நம் வட்டாரம்

மலேசியாவும் சிங்கப்பூரும் இதே வினாவுக்கு வெவ்வேறு விடைகளைக் கண்டன. வாணிகமே உயிர்மூச்சான சிங்கப்பூரில் பெரும்பாலான பொருள்களின் விலை வெளிநாட்டில் நிர்ணயமாவதால், அந்நாடு 1981 முதல் பண அளவையோ வட்டியையோ விடுத்து நாணய மாற்று வீதத்தையே கொள்கைக் கருவியாகக் கொண்டது. மலேசியாவின் பேங்க் நெகாரா 1990களின் நடுப்பகுதியில் பண அளவிலிருந்து வட்டி வீதத்தின்பால் கவனத்தைத் திருப்பியது. 1998 முதல் 2005 வரை ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என நிலைநிறுத்தியபோது, மூலதனக் கட்டுப்பாடுகளும் உடன் தேவைப்பட்டன. நாட்டின் அளவும் திறந்த தன்மையும் மாறும்போது பொருத்தமான விதியும் மாறுகிறது என்பதற்கு இவை சான்றாகும்.

முடிவுரை

பணவியல் கோட்பாட்டின் மூன்று கூற்றுகளை வெவ்வேறாக மதிப்பிடுதல் வேண்டும். நெடுங்காலத்தில் விலையேற்றத்திற்கும் பணப் பெருக்கத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்னும் கூற்று நிலைபெற்றுள்ளது. குறுகிய காலத்தில் பண அளவைக் கொண்டு விலையைக் கணித்து ஆளலாம் என்னும் கூற்று, சுழற்சி வேகத்தின் நிலையின்மையால் வீழ்ந்தது. 2008க்குப் பின் அமெரிக்காவில் அடிப்படைப் பணம் பன்மடங்கானபோதும் விலைகள் பெரிதும் ஏறவில்லை. 2020க்குப் பின் மக்களின் கணக்குகளையே எட்டிய பணம் பெருகியபோது, வழங்கல் தடைகளும் சேர, 2022 ஜூனில் விலையேற்றம் 9.1 விழுக்காட்டைத் தொட்டது. பணத்தை மறந்தாலும் தவறு, அதை மட்டுமே நம்பினாலும் தவறு என்பதை இவ்விரு நிகழ்வுகளும் ஒருசேரக் காட்டுகின்றன.

மூன்றாவது கூற்று, அதிகாரத்தின் விருப்புரிமைக்கு எல்லை வேண்டும் என்பது. இந்தியப் பட்டறிவில் நிலைத்த பயன் விளைந்தது இதனால்தான். 1985 முதல் 1998 வரை அறிவிக்கப்பட்ட எம்3 இலக்குகளை இன்று நினைவில் வைத்திருப்போர் சிலரே. ஆனால் 1994இல் கையொப்பமான உடன்பாடு அரசின் செலவுக்கும் பண வெளியீட்டுக்கும் இடையே ஒரு வாயிலை அமைத்தது. அவ்வாயிலுக்குக் காவலும் வைத்தது. அவ்வெல்லை தேர்தல் காலத்திலும் பேரிடர் காலத்திலும் சோதனைக்குள்ளாகும். அத்தகைய நேரங்களில் எல்லை தளர்ந்தால் அதன் விலையைக் கொடுப்போர் அகவிலைப்படி பெறாதோரே. எல்லை அளவுக்கு மீறி இறுகினாலும், 1982இன் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கண்டவாறு, வேலையிழந்து வாடுவோர் அவர்களை ஒத்தோரே. இவ்விரு துன்பங்களுக்கும் இடையே வழி காண்பதே பணக் கொள்கையின் பணி. அவ்வழியை வல்லுநர்கள் மட்டும் தமக்குள் பேசி முடிக்காமல் பொதுமக்களும் அறிந்து விவாதிக்க வேண்டுமாயின், அதற்கான சொற்களும் விளக்கங்களும் அவரவர் தாய்மொழியில் கிடைத்தல் வேண்டும். தமிழில் அப்பணி இன்னும் பெருமளவு எஞ்சியுள்ளது.